வீட்டுக் குழாய் மராமத்து



குழாயைத் திருகினால் நீர் வருகிறது. மூடினால் நின்று விடுகிறது. இத்துணை எளிய செயலுக்குப் பின்னே எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அரியலூர் மாவட்டத்தின் தென் எல்லையில் கொள்ளிடம் ஓடுகிறது. பெரம்பலூர் நகருக்கோ அக்கொள்ளிடத்து நீரை நெடுந்தொலைவு குழாய் வழியே ஏற்றிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. எஞ்சிய தேவைக்கு ஆழ்துளைக் கிணறுகளே துணை. இவ்வளவு பாடுபட்டு வீடு வரை வந்து சேரும் நீர், வீட்டிற்குள் வந்த பிறகு நம் கவனக் குறைவால் வீணாகலாமா? வீட்டுக் குழாய்களைப் பேணுவது எப்படி, அத்தொழில் அறிந்தவரை அழைக்க வேண்டிய வேளை எது என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் நம் மண்ணின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கிரெட்டேசியஸ் காலம் என்று அறிஞர்கள் குறிக்கும் காலத்தில், அரியலூர்ப் பகுதியும் பெரம்பலூரின் கிழக்குப் பகுதியும் கடலுக்கு அடியில் இருந்தன. அக்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கல்லை நம்பியே இன்று சிமெண்ட் ஆலைகள் நடைபெறுகின்றன. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று, மிக மெல்லிய அமிலமாக மாறி நிலத்தில் இறங்குகிறது. சுண்ணாம்புக் கல்லை அது சிறுகச் சிறுகக் கரைத்துத் தன்னோடு எடுத்துக்கொள்கிறது. மக்கள் "உப்புத் தண்ணீர்" என்று பொதுவாகச் சொல்வதில் இதுவும் அடங்கும். பாடநூல் இதனைக் கடினநீர் என்கிறது. சோப்பு நுரைக்காதிருப்பது இதன் முதல் அடையாளம். குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை பொறுத்துக் கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் வரையறுக்கிறது.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடக்கிறது. 1940-ஆம் ஆண்டில் புவியியல் அறிஞர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் அதனை உலகறியச் செய்தார். நீரில் கரைந்து வந்த கனிமம் மரத்தினுள் புகுந்து படிந்து, மரத்தையே கல்லாக்கி விட்டது. அங்கே புகுந்தது சிலிக்கா. நம் குழாயில் படிவது சுண்ணாம்பு. பொருள் வேறாயினும், நீர் கல்லைச் சுமந்து வந்து ஓரிடத்தில் இறக்கி வைக்கும் செயல் ஒன்றுதான். நீர் கொதிக்கும்போதும் உலரும்போதும் கரியமில வாயு வெளியேறுகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியிலும், குழாயின் வாயிலும், தூவாலைக் குழாயின் சிறு துளைகளிலும் வெண்மையாய்ப் படிவது இதுவே.

இதனை நீக்க நம் சமையலறையிலேயே மருந்து இருக்கிறது. பித்தளைக் குடத்தைப் புளியிட்டுத் துலக்கும் நம் தாய்மார்கள் அறிந்த வித்தைதான் அது. எலுமிச்சைச் சாறோ வினிகரோ நனைத்த துணியைக் குழாயின் வாயில் அரை மணி நேரம் சுற்றி வைத்துத் தேய்த்தால் படிவு கரைந்து விடும். கடையில் விற்கும் கடுமையான ஆசிட் உலோகப் பூச்சை அரிக்கும். அதனைப் பிளீச்சிங் தூளோடு கலந்துவிட்டால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும். அந்த அவசரம் வேண்டாம்.

அடுத்து, சொட்டும் குழாய். இதைச் சிறு குறை என்று எண்ணுகிறோம். சொட்டும் குழாயின் கீழே ஒரு பாத்திரத்தை வைத்து, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சேர்கிறது என்று அளந்து பாருங்கள். ஒரு லிட்டர் சேர்ந்தால் நாளொன்றுக்கு 24 லிட்டர். ஓராண்டுக்கு 8,760 லிட்டர். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வகுத்த அளவு 55 லிட்டர். அவ்வாறாயின், ஒரே ஒரு குழாயின் சொட்டு, ஒரு மனிதருக்கு ஐந்து மாதங்களுக்கு மேல் போதுமான நீரைச் சாக்கடையில் சேர்த்து விடுகிறது!

திருகு குழாயில் சொட்டுக்குக் காரணம் பெரும்பாலும் உள்ளேயிருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருப்பதே. இறுக்கித் திருகினால் வாஷர் மேலும் நசுங்குமேயன்றிச் சொட்டு நிற்காது. முதலில் அக்குழாய்க்குரிய வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து, எஞ்சிய நீரை வடிய விடுங்கள். ஸ்பானரால் தலைப்பகுதியைக் கழற்றி, பழைய வாஷரை எடுத்து, அதே அளவுள்ள புதியதைப் பொருத்துங்கள். அது அமரும் இடத்தில் சுண்ணாம்பு படிந்திருந்தால் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். மாணவர் ஒருவர், பெரியவர் ஒருவர் அருகிலிருக்க, தாமே செய்துவிடத்தக்க வேலை இது.

கண்ணுக்குத் தெரியாத கசிவையும் கண்டுபிடிக்கலாம். இரவில் அனைவரும் உறங்கச் செல்லும் முன், மோட்டார் நின்றிருக்கும் வேளையில், மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். யாரும் நீரைப் பயன்படுத்தாமல் இருக்க, விடியற்காலையில் மீண்டும் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் கசிவு உண்டு. மறுநாள் இரவு தொட்டியின் அடிவால்வை மூடிவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். அப்போதும் இறங்கினால் குறை தொட்டியிலோ வால்விலோ இருக்கிறது. இறங்காவிட்டால் குழாயில் இருக்கிறது.

கசிவினால் நீர் வீணாவது ஒருபுறமிருக்க, அதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. நம் ஊர்களில் குழாய் நீர் நாள் முழுதும் வருவதில்லை. நீர் வரும்போது உள்ளிருந்து வெளியே கசியும் அதே துளை, வரத்து நின்று அழுத்தம் குறைந்தவுடன், வெளியிலுள்ள அழுக்கு நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாக்கடையை ஒட்டிச் செல்லும் குழாயில் இவ்வாறு நேர்ந்தால், வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சட்காமாலை முதலிய நோய்கள் நம் குவளைக்குள்ளேயே வந்து சேரும். ஆகவே, நீர் கலங்கி வந்தாலோ நாற்றம் வீசினாலோ அதைக் குடியாது நிறுத்திவிட்டு, உடனே நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ தெரிவிப்பது கடமை. தெருக் குழாயில் கைவைக்க அவர்களுக்கே உரிமை உண்டு, நமக்கில்லை.

அப்படியானால் எது நம் வேலை, எது தொழிலாளியின் வேலை? எளிய வரம்பு ஒன்று சொல்லலாம். வால்வை மூடி நீரை நிறுத்திவிட்டு, கண்ணெதிரே கழற்றிப் பூட்டக் கூடியது நம் வேலை. மூட முடியாதது, சுவருக்குள் மறைந்தது, மின்சாரம் தொட்டது, கழிவு கலந்தது ஆகிய நான்கும் அத்தொழில் அறிந்தவர் வேலை. சுவரில் ஈரம் பூத்தால், எல்லாக் குழாய்களிலும் ஒருசேர நீர் மெலிந்தால், இரண்டு மூன்று இடங்களில் ஒரே சமயத்தில் கழிவுநீர் எதிர்த்து வந்தால், காலந்தாழ்த்தாது பிளம்பரை அழையுங்கள். மோட்டாரில் மின்கசிவு என்று ஐயம் தோன்றினால் நாட வேண்டியவர் மின்பணியாளர். கழிவுநீர்த் தொட்டியில் எவரையும் இறங்கச் சொல்லாதீர்கள். அங்குள்ள நச்சு வாயு நொடிப்பொழுதில் உயிரைப் பறிக்கும். உரிய பாதுகாப்பின்றி மனிதரை அப்பணியில் ஈடுபடுத்துவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. லாரி கொண்டு உறிஞ்சி எடுப்பதே முறை.

பிளம்பரை அழைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. எந்தக் குழாய், எப்போதிலிருந்து, எந்த நேரத்தில் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். நீங்கள் செய்த தொட்டிச் சோதனையின் முடிவைச் சொன்னால், அவர் வீணாகச் சுவரை உடைக்க நேராது. வேலை முடிந்ததும், எந்த வால்வு எந்த அறைக்குரியது என்று கேட்டு எழுதி வையுங்கள். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் பிளம்பர் தொழில் ஓராண்டுப் பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. படித்த கல்வியும் பழகிய கையும் சேர்ந்த தொழில் அது. அதற்குரிய மதிப்பையும் கூலியையும் தர நாம் தயங்கலாகாது.

நம் முன்னோரிடம் குடிமராமத்து என்னும் வழக்கம் இருந்தது. ஏரியின் கரையையும் வாய்க்காலையும் ஆண்டுதோறும் ஊரார் தாமே கூடிச் செப்பனிட்டனர். மதகு உடைதல் போன்ற பெரும்பணிகள் அரசின் பொறுப்பாயின. சிறு பழுதைத் தம் கையால் தீர்த்ததனால் பெரும் பழுது குறைந்தது; பெரும் பழுதைத் தேர்ந்தவரிடம் விட்டதனால் ஏரி பிழைத்தது. அந்நெறியே இன்று நம் வீட்டுக் குழாய்க்கும் பொருந்துவது.

நண்பர்களே, இன்றிரவே உங்கள் வீட்டின் முதன்மை வால்வு எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அதைத் திருகிப் பார்த்து, எளிதில் மூடுகிறதா என்று அறிந்து கொள்ளுங்கள். நெடுநாள் தொடாத வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகிப் போயிருக்கக் கூடும். அப்படியிருந்தால் பலவந்தம் செய்யாமல் பிளம்பரிடம் சொல்லுங்கள். குழாய் உடைந்து வீடெங்கும் நீர் பெருகும் வேளையில் தேடுவதைவிட, அமைதியான நாளில் அறிந்து வைத்திருப்பதே அறிவுடைமை.