ஆண்களின் சிறுநீர்த் தொல்லையும் ஒலி காட்டும் உண்மையும்
(ஆலய மண்டபத்தில் நடைபெற்ற சுகாதார நிகழ்வில் ஆற்றிய உரை)



சபையில் பேசுவதற்குப் பலரும் கூச்சப்படும் ஒரு பொருளை இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஐம்பது வயதைக் கடந்த ஆண்களுக்கு வரும் சிறுநீர்த் தொல்லையும், அதைக் கண்டறிய உதவும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும்தான் அந்தப் பொருள்.

கெடா மாநிலத் தோட்டங்களில் இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், காலமெல்லாம் பால்மரம் சீவியவர்கள் நம் பெரியவர்கள். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் என்று ஊர்ப்புறத் தாமான்களுக்குக் குடிவந்த பிறகும் அது மாறவில்லை. இரவில் நான்கு முறை எழுகிறார்கள். யாத்திரைப் பேருந்தில் ஏறுமுன் தண்ணீரைத் தொடுவதில்லை. சொற்பொழிவு என்றால் வாசலோரத்து நாற்காலியைத் தேடுகிறார்கள். கேட்டால், "வயசாயிடுச்சு வாத்தியாரே, எல்லாருக்கும் உள்ளதுதானே" என்கிறார்கள்.

அந்தப் பதிலில் பாதி உண்மை உண்டு. சிறுநீர்ப்பையின் வாயிலில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி, புராஸ்டேட் என்னும் சுரப்பி இருக்கிறது. இளமையில் அது சுமார் 20 கிராம் எடை. வயது ஏற ஏற அது பெருக்கிறது. 60 வயதில் ஏறத்தாழப் பாதி ஆண்களுக்கு இந்த வீக்கம் இருக்கும். இது புற்றுநோய் அன்று.

மறுபாதிதான் ஆபத்தானது. பாதை அடைபட்டால், சிறுநீர் கழித்த பின்னும் பையில் கொஞ்சம் தங்கிவிடும். நாளாக ஆக அது பெருகும்; பை மெல்ல விரிந்து கொடுப்பதால் வலியே இராது. அடைப்பு முற்றினால் நீர் பின்னோக்கித் தேங்கிச் சிறுநீரகங்கள் வீங்கும். கவனிக்காமல் விட்டால் அவை பழுதாகி டயாலிசிஸ் வரையில் கொண்டுபோய் விடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு நரம்பு தளர்ந்து, பை நிரம்பியதே தெரியாமல் போகலாம். நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு மிகுதி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்பது நலமாக இருப்பதற்குச் சான்றாகாது.

நமக்குத் தெரியாததை ஒலி காட்டுகிறது. தஞ்சோங் டாவாய் மீனவர்கள் ஒலியைக் கடலுக்குள் அனுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு மீன் கூட்டத்தைக் கண்டறிவதில்லையா? அதே தத்துவம்தான். காதுக்கு எட்டாத ஒலியலைகள் வயிற்றுக்குள் சென்று திரும்பிப் படமாகின்றன. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, வலியும் இல்லை.

எனக்கும் எடுத்தார்கள். தண்ணீர் குடித்து, பை நிரம்பியதும் படுக்கச் சொன்னார்கள். அடிவயிற்றில் குளிர்ந்த ஜெல்லைத் தடவிக் கருவியை நகர்த்தினார்கள். பின்னர் கழிவறைக்குப் போய்வரச் சொல்லி மீண்டும் பார்த்தார்கள். இந்த இரண்டாவது பார்வைதான் முக்கியம். தங்கிய நீரின் அளவு அதில்தான் தெரிகிறது. பொதுவாக 50 மில்லிக்குள் இருந்தால் நல்லது. 300 மில்லியைத் தாண்டினால் அலட்சியம் கூடாது. அளவுக்கு மீறி அடக்கி வைத்திருந்தாலும் கணக்குத் தவறும். ஆகவே தாங்க முடியாவிட்டால் தாதியிடம் சொல்லிவிடுங்கள். பையின் சுவர் தடித்திருக்கிறதா, உள்ளே கல் உண்டா, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

சுரப்பி பெரிதாக இருந்தால்தான் தொல்லை என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் பேராசிரியர் ஃபூ கியோங் டாட்டும் அவர் குழுவினரும் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகள், சுரப்பி பைக்குள் எத்தனை மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருக்கிறது என்பதைக் கவனிக்கச் சொல்கின்றன. 5 மில்லிமீட்டர் வரை முதல் நிலை, 10 வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை. துருத்தல் கூடக் கூட அடைப்புக்கு வாய்ப்பும் கூடுகிறது. சிறிய சுரப்பியும் வாயிலில் துருத்தி நின்றால் வழியை மறிக்கும்.

ஸ்கேன் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. வயிற்றின் மேல் எடுக்கும் படத்தை மட்டும் வைத்துப் புற்றுநோய் இல்லை என்று முடிவுகட்ட இயலாது, அதற்குப் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை போன்றவை வேண்டுமா என்பதை மருத்துவரே கூறுவார். சிறுநீரில் இரத்தம் கண்டாலோ, நீர் அடியோடு நின்றுவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். அன்னதானத்தோடு, துணைக்கு ஆளில்லாத முதியவர் ஒருவரை உங்கள் காரில் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடுவதும் அறமே.

தாய்மார்களே, வீட்டுக்காரர் இரவில் எத்தனை முறை எழுகிறார் என்பது அவரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த எண்ணிக்கையை ஒரு தாளில் குறித்து, அடுத்த முறை மருத்துவரிடம் நீங்களே கொடுங்கள். அவர் சொல்லக் கூசுவதை அந்தத் தாள் சொல்லிவிடும்.