கர்ணம் எழுத்தில் நம் பாட்டன் பெயர்



நினைவுச் சொற்பொழிவு மேடையில் பழைய கையெழுத்தை வாசிப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். நிலம், கூலி, வன்கொடுமை என்று பேச எவ்வளவோ இருக்க, இது எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். அவை எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு காகிதம் இருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்தவர் ஒரு பக்கம், வாசிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தவர் மறுபக்கம். நம் வரலாறு அந்த இரண்டாவது பக்கத்தில் நின்றது.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமன்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை. தரிசு நிலம் கேட்டு தர்காஸ்து போட்டால் மிராசுதாரருக்கே முன்னுரிமை. இதையெல்லாம் அவர் எழுதியதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று 1010 எண்ணுள்ள அரசாணை வந்தது. அந்த வழியில் வந்ததுதான் பஞ்சமி நிலம். நூற்றிரண்டு ஆண்டுகள் கழித்து, 1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில் செங்கல்பட்டில் காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள்.

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், மாமல்லபுரம் சுற்றுவட்டாரத்தில், நிலத்தின் விலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். "அது எங்கள் பாட்டன் நிலம்" என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. எந்தப் பாட்டன், எந்தப் பசலி, எந்த சர்வே எண் என்று கேட்பார்கள். கணினியில் எடுக்கும் பட்டா பெரும்பாலும் 1980களின் யுடிஆர் பதிவையே அடிப்படையாகக் கொண்டது. நிலம் கைமாறிய கதை அதற்கு முந்தைய கையெழுத்து ஏடுகளில் கிடக்கிறது. பரம்பரைக் கர்ணம் பதவி 1980இல் ஒழிந்தது. அந்த எழுத்தைச் சரளமாக வாசிக்கும் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இதுதான் நம் அவசரம்.

அந்த எழுத்தைக் கற்க முடியும். மர்மம் ஒன்றுமில்லை.

முதலில் புள்ளி. பழைய கையெழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். சின்னப்பன் என்பது "சினனபபன" என்று இருக்கும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றே. "கொடடை" என்றால் கோட்டையா கொட்டையா என்று இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். சொற்களுக்கிடையே இடைவெளி இருக்காது. ணா, றா, னா, லை, ளை போன்றவை 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தில் இருக்கும்.

அடுத்து எண். ௧ என்பது ககரம் போலவும் ௨ என்பது உகரம் போலவும் ௭ என்பது எகரம் போலவும் ௮ என்பது அகரம் போலவும் தெரியும். ஏட்டின் தலையில் உள்ள உ பிள்ளையார் சுழி. அதை இரண்டு என்று எண்ணிவிடக் கூடாது. 1892 என்பதை ௲௮௱௯௰௨ என்று எழுதுவார்கள். வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳, மேற்படிக்கு ௸. பின்னங்களில் மா என்பது இருபதில் ஒன்று, காணி என்பது எண்பதில் ஒன்று. நிலத்தை அளக்கும் காணி வேறு. அது சுமார் 1.32 ஏக்கர்.

பிறகு காலம். "நந்தன வருஷம்" என்று மட்டும் இருந்தால் அது 1892ஆகவும் இருக்கலாம், அறுபது ஆண்டு முந்தைய 1832ஆகவும் இருக்கலாம். பசலி இருந்தால் குழப்பமில்லை. பசலியோடு 590 கூட்டுங்கள். பசலி 1302 என்பது 1892 ஜூலையில் தொடங்கும் ஆண்டு.

வேலையைப் பின்னிருந்து தொடங்குங்கள். முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் பெயர்களைக் கேளுங்கள். பட்டப்பெயர், குலசாமி, பெண் எடுத்த ஊர், எல்லாம் வேண்டும். ஏடுகளில் பெண்கள் பெயர் அரிது, பாட்டியின் நினைவே அங்கு ஆவணம். பிறகு கிடைப்பதிலேயே புதிய பத்திரத்தை எடுத்து, அதிலிருந்து பழையதற்குப் போங்கள். ஊர்ப் பெயர், மாதப் பெயர் போல உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களிலிருந்து, அந்தக் கர்ணத்தின் கைக்கென்று ஓர் அரிச்சுவடி தயாரியுங்கள். கண்ணுக்குத் தெரிவதை முதலில் அப்படியே எழுதுங்கள், பொருள் பிறகு. சந்தேகமான எழுத்துக்குக் கேள்விக்குறி போடுங்கள். நமக்கு வேண்டியதை ஏட்டில் வாசித்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார்.

பத்திரங்களில் நான்கெல்லையை விடாதீர்கள். வாங்கியவர் விற்றவர் பெயரில் நாம் இல்லாத இடத்திலும் "சேரிக்குத் தெற்கு" என்று எல்லையாக இருப்போம். நம் பெயருக்குப் பக்கத்தில் சாதிப் பெயரும் இருக்கும். பார்த்ததும் ஏட்டை மூடத் தோன்றும். மூடாதீர்கள். இழிவுபடுத்த எழுதிய சொல்தான் இன்று நிலம் யாருக்குத் தரப்பட்டது என்பதற்குச் சாட்சி.

இந்தத் தேடல் கடல் கடந்தும் நடக்கிறது. 1860 முதல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களின் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர் எல்லாம் உண்டு. அங்கே பிறந்தவர்கள், ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு இங்கே வேர் தேடுகிறார்கள்.

வாசிப்பு நமக்குப் புதிதுமல்ல. தம் பாட்டனார் கந்தப்பன் தந்த ஓலைச்சுவடி வழியாகத்தான் எல்லிஸ் கைக்குக் குறள் போய்ச் சேர்ந்தது என்று அயோத்திதாசர் பதிவு செய்திருக்கிறார். ஏடு நம் வீட்டிலும் இருந்தது. நம்மிடமிருந்து மறைக்கப்பட்டது கணக்கு ஏடு.

மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஊருக்கு இருவர் இந்த எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் போங்கள். நகல் தராவிட்டால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வாசித்ததைச் சேரித் தெருவில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டுங்கள். எந்தப் பெயர் யாருடைய பாட்டன் என்று தெருவே சொல்லும்.