சாரதியின் உடல்நலமும் நமது கடமையும்

(இராகலையில் சங்க ஆண்டுவிழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டுவிழா மேடையிலே கல்வியைப் பற்றியும் கலையைப் பற்றியும் பேசுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றுப் புதியது. வண்டியோட்டும் ஒருவர் அதற்கேற்ற உடல்நலத்தோடு இருக்கின்றாரா என்பதை யார் அறிவது, எவ்வாறு அறிவது, அறிந்தபின் என் செய்வது என்பதே அப்பொருள்.

இராகலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். நானுஓயாவிலிருந்து கந்தப்பளை வழியாக இவ்வூர்வரை ஒரு காலத்தில் சிறு இரயில் ஓடியது. அப்பாதை 1948இல் மூடப்பட்டது. அன்று தொட்டு நமக்குச் சாலை ஒன்றே கதி. கொழுந்து போவதும், மரக்கறி போவதும், பிள்ளைகள் பாடசாலைக்குப் போவதும், பிரசவ வேதனையோடு தாய்மார் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போவதும் லொறியிலும் பஸ்ஸிலும் ஆட்டோவிலுந்தான். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம், நடுவே மூடுபனி. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 11 மீற்றர் கடக்கும். சாரதிக்கு மூன்றே விநாடி நினைவு தப்பினாலும் அது 33 மீற்றர் தூரம் ஆளில்லா வண்டியாக ஓடும். நம் வளைவுகளில் அத்தனை தூரம் நேர்ச்சாலை எத்தனை இடத்தில் உண்டு? 2025 மே 11ஆம் நாள் கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. அதன் காரணத்தை ஆராய்வது ஈண்டு நம் நோக்கமன்று. மலைச்சாலை ஒரு கணப் பிழையையும் மன்னிப்பதில்லை என்பதற்கே அதனைக் கூறினோம்.

நம் நாட்டில் இதற்கெனச் சட்டம் உண்டு. சாரதிகளைப் பரிசோதித்துச் சான்றிதழ் வழங்குவதற்கெனத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகம் 1997ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. கண் பார்வை, செவிப்புலன், இரத்த அழுத்தம் முதலியன பார்க்கப்படும். நோய்களைப் பற்றிய கேள்விகளும் கேட்கப்படும். இலகு வாகன அனுமதிப்பத்திரம் 8 ஆண்டுகளுக்கும், கனரக வாகனத்துக்குரியது 4 ஆண்டுகளுக்கும் செல்லும். இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். அனுமதிப்பத்திரம் எட்டாண்டு மாறாமல் இருக்கும்; உடம்பு இருக்குமா? அதற்குள்ளே நீரிழிவு வரலாம், கண்புரை வளரலாம், நெஞ்சு நோய் தோன்றலாம். பரிசோதனை ஒரு நாட் காலைப் பொழுதையே காட்டும். மற்ற நாட்களைக் காட்டாது.

அவற்றுள்ளும் வலிப்பு நோய் தனித்தன்மை வாய்ந்தது. வலிப்பு வராத நேரத்தில் நோயாளி நம் எல்லோரையும்போல நல்ல தேகசுகத்தோடு இருப்பார். வைத்தியர் எவ்வளவு கெட்டிக்காரராயினும், அவர் முன்னே வலிப்பு வரப்போவதில்லை. நள்ளிரவிலே லயத்து அறையில் அதனைக் கண்டவள் மனைவியோ தாயோ ஆவாள். ஆகவே வைத்தியருக்குக் கிடைக்கக்கூடிய முதற் சாட்சி நோயாளியின் வாய்மொழியும் வீட்டாரின் வாய்மொழியுமே. அவ்வாய்மொழி பொய்த்தால் சான்றிதழும் பொய்த்துவிடும்.

இது பிற நாட்டிலும் நிகழ்ந்ததே. ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 2014 டிசம்பர் 22ஆம் நாள், குப்பை லொறி ஒன்றின் சாரதி மூர்ச்சையுற, லொறி கடைவீதியில் கட்டுக்கடங்காது ஓடி ஆறு பேரைக் கொன்றது. அவர் 2010இலேயே பஸ் ஒன்றின் சாரதி ஆசனத்தில் மூர்ச்சையுற்றவர் என்பதும், அதனை மறைத்தே பின்னர் வேலை பெற்றார் என்பதும் விசாரணையில் வெளிப்பட்டன. அன்று உண்மை சொல்லப்பட்டிருந்தால் ஆறு குடும்பங்கள் அழாதிருந்திருக்கலாம்.

ஆனால் ஏன் மறைக்கிறார்கள்? இக்கேள்வியைக் கேளாது சாரதியை மட்டும் வைவது நியாயமன்று. ஆட்டோவுக்கு மாதந்தோறும் லீசிங் தவணை கட்டவேண்டும். வீட்டில் நான்கு வயிறு. உண்மை சொன்னால் அனுமதிப்பத்திரம் போகும். அது போனால் அடுப்பு அணையும். போதாக்குறைக்கு, ‘வலிப்புக்காரன்’ என்று ஊர் பேசினால் தங்கைக்கு வரன் வராது. பசியையும் அவமானத்தையும் ஒருபுறம் வைத்து, மறுபுறம் உண்மையை வைத்தால், தராசு எப்பக்கம் சாயும்?

நோயாளி எவரும் வண்டியே ஓட்டலாகாது என்று நாம் கூறவில்லை. முற்றத்தடை மறைப்பதையே வளர்க்கும். பிரித்தானியாவில் வலிப்பு நோயாளருக்கு ஒரு காலத்தில் அனுமதியே இல்லை. 1970இல்தான் கதவு திறந்தது. இன்று ஓராண்டு வலிப்பின்றி இருப்பவர் அங்கே பொதுவாகக் கார் ஓட்டலாம். பஸ்ஸுக்கும் லொறிக்குமோ மருந்தின்றியே பத்தாண்டு வலிப்பற்றிருக்க வேண்டும். பலர் உயிரைச் சுமப்பவனுக்கு நிபந்தனையும் கடினமாவது முறையே அன்றோ?

நீரிழிவுக்காரருக்கும் வழி உண்டு. இன்சுலினும் சிலவகை மாத்திரைகளும் சீனியை மிகவும் இறக்கிவிடக்கூடும். அப்போது வியர்க்கும், கை நடுங்கும், புத்தி மயங்கும். இன்சுலின் ஏற்றுவோர் ஓட்டுமுன்னும், நெடும்பயணத்தில் இரண்டு மணிக்கொருமுறையும் சீனியை அளந்து பார்த்தல் வேண்டும். அளவு 90 மில்லிகிராமுக்குக் குறைந்தால் ஏதேனும் உண்ட பின்னரே சாவியைத் தொடவேண்டும். இனிப்பு எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். தும்மலுக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமின் மாத்திரை தூக்கம் தருவது. அதை விழுங்கிவிட்டு வண்டியெடுத்தல் தகாது. பெருங்குறட்டை விட்டுப் பகலில் தூங்கி விழுபவரும் வைத்தியரை நாடவேண்டும்.

ஆயுதபூசையன்று வண்டிக்குச் சந்தனமிட்டு, சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைக்கின்றோம். நல்ல வழக்கம். ஆயினும் வண்டியைப் பூசித்த நாம், அதை ஓட்டுபவனின் கண்ணைப் பரிசோதித்தோமா?

ஆகையால் இச்சங்கத்தின்முன் நான்கு காரியங்களை வைக்கின்றோம். முதலாவது, ஆண்டுதோறும் ஆயுதபூசையை ஒட்டிச் சாரதிகளுக்குக் கண், சீனி, இரத்த அழுத்தப் பரிசோதனை நடத்துதல். இரண்டாவது, வைத்தியர் ஓட்டவேண்டாமென்ற சாரதியின் ஆட்டோவை அனுமதிப்பத்திரமுள்ள நம் இளைஞர் ஒருவர் ஓட்டி, வருமானத்தில் நியாயமான பங்கை அவ்வீட்டுக்குக் கொடுத்தல். மூன்றாவது, தவணை தவறும் மாதத்தில் கைகொடுக்கச் சிறு நிதியொன்று சேர்த்தல். நான்காவது, வலிப்பைப் பேய் பிசாசென்றும் பாவமென்றும் பேசும் வாயை அடக்குதல். அது மூளையில் எழும் நோய். பெரும்பாலும் மருந்துக்கு அடங்குவது.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பார்வை மங்கியதும் சாவியை மகனிடம் கொடுப்பது தோல்வியன்று. பேரப்பிள்ளைக்குச் செய்யும் உபகாரம்.

உண்மை பேசு என்று ஒருவனுக்கு உபதேசிப்பது எளிது. உண்மை பேசியவன் பட்டினி கிடவாதபடி பார்த்துக்கொள்வதே அரிது. அவ்வரிய பணியை இச்சங்கம் மேற்கொண்டால், வைத்தியர் முன்னே அமரும் நம் சாரதி அஞ்சாது வாய்திறப்பான். அவன் வாய்திறந்தால் நம் பிள்ளைகள் பத்திரமாக வீடு சேர்வர்.