பாய்மரப் படகில் டேப்லட்

கடலைக் காண வேண்டுமானால் மலையைத் தாண்டி ஆலப்புழைக்கோ, சமவெளியைக் கடந்து தேவிபட்டினத்துக்கோ போகவேண்டிய இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களுக்குக் கடல்வழி அறியும் கலையைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். மேற்சொன்ன நான்கு ஊர்களும் ஏறக்குறைய ஒன்பதரைப் பாகை வடக்கு அட்சரேகையில் அமைந்தவை. ஆகையால் ஸ்ரீவில்லிபுத்தூரில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, அவ்வளவு உயரத்திலேயே ஆலப்புழைத் துறையிலும் தேவிபட்டினக் கரையிலும் நிற்கிறது.

இந்த ஓர் உண்மையைப் பற்றிக்கொண்டே சோழமண்டலக் கரையின் மாலுமிகள், இராப்பலகை என்ற சிறிய மரப்பலகையால் தாம் இருக்கும் ஸ்தானத்தை நிதானித்தார்கள். பலகையில் கோத்த கயிற்றைப் பல்லில் கடித்து இழுத்துப் பிடித்து, கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு துருவனையும் தொடுமாறு அமைத்தால், அதற்கு வேண்டியிருந்த கயிற்றின் நீளமே அட்சரேகையைச் சொல்லிவிடும்; தெரிந்த துறைகளின் உயரத்தைக் கயிற்றில் முடிச்சுகளாக இட்டிருந்தபடியால், இருட்டிலும் விரலால் தடவித் துறையை அறியலாம். 1850-இல் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் இக்கருவியைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். ஆனால் மேகம் மூடினால் அது மௌனமாகிவிடும். தீர்க்கரேகையைப் பற்றியோ அது ஒருபோதும் பேசாது.

இந்த இரண்டு குறைகளையும் ஒருங்கே நீக்கியதுதான் ஜி.பி.எஸ். பொருத்திய டேப்லட்டின் பெருமை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களுள் நான்கின் சமிக்ஞைகளேனும் கிடைத்துவிட்டால், அவை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு படகின் இருப்பிடத்தை அது சில மீட்டர் பிழைக்குள் கணித்துவிடுகிறது. இதற்குத் தொலைபேசிக் கோபுரம் வேண்டியதில்லை. ஆயினும் கடல் வரைபடங்களைக் கரையிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்; வைஃபை மட்டும் உள்ள டேப்லட்டுகள் பலவற்றில் ஜி.பி.எஸ். ஏற்பியே இல்லாதபடியால், வாங்குமுன் விசாரிப்பதும் அவசியம். நடுப்பகல் வெயிலில் திறந்து வைத்தால் சூடேறித் தானாகவே அணைந்துவிடும். நனைந்த திரையோ விரலுக்குக் கட்டுப்படாது.

பாய்மரப் படகோட்டிக்கு இச்சாதனம் செய்யும் மிகப் பெரிய உபகாரம் வேறொன்று. எதிர்க்காற்றில் பாய்மரப் படகு நேராகச் செல்ல இயலாது. காற்றுக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்ந்து, ஒருமுறை வலமும் ஒருமுறை இடமுமாக மாறிமாறி முன்னேற வேண்டும். அவ்வாறு போகையில் காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, நீரோட்டமும் தன் போக்கில் இழுக்கிறது. திசைகாட்டி படகின் முகம் நோக்கும் திசையைக் காட்டுகிறது. டேப்லட்டோ படகு மெய்யாகவே நகரும் திசையைக் காட்டுகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்த மாத்திரத்தில், கண்ணுக்குப் புலப்படாத தள்ளுதலும் இழுப்பும் எவ்வளவு என்பதைத் தேர்ந்த படகோட்டி கண்டுகொள்கிறான். ஆகவே திசைகாட்டியைக் கழற்றிவைத்துவிட்டு டேப்லட்டை மட்டும் பார்ப்பவன், அந்தக் கருவி தரக்கூடிய ஞானத்தில் சரிபாதியை இழந்தவனாகிறான்.

இனி அபாயத்தைச் சொல்ல வேண்டும். 2014 நவம்பர் 29 அன்று, உலகைச் சுற்றும் வால்வோ ஓஷன் ரேஸில் கேப் டவுனிலிருந்து அபுதாபி நோக்கி விரைந்துகொண்டிருந்த 'டீம் வெஸ்டாஸ் விண்ட்' என்னும் பாய்மரக் கப்பல், மொரீஷியஸுக்கு வடகிழக்கே கார்கடோஸ் கராஜோஸ் என்ற பவளத்திட்டின்மேல் இருளில் ஏறி நொறுங்கிற்று. தெய்வாதீனமாக ஒன்பது பேரும் உயிர்பிழைத்தார்கள். தேர்ச்சிமிக்க மாலுமிகளும் சிறந்த மின்னணு வரைபடங்களும் இருந்தும் விபத்து நேர்ந்த காரணம், வரைபடத்தைச் சுருக்கிப் பார்த்தபோது அந்தத் திட்டு திரையில் உள்ளபடி தெரியாமற்போனதுதான். போகும் பாதை முழுவதையும் பெரிதாக்கிப் பார்த்த பின்பே நம்ப வேண்டும் என்பது அன்று பெருவிலை கொடுத்துப் பெற்ற பாடம். மேலும், ஆழங்களைச் சொல்வது செயற்கைக்கோளன்று. என்றோ யாரோ அளந்து வரைந்த வரைபடமே. இராமர் பாலத்தருகே மணல்திட்டுகள் இடம்பெயரும் நம் கடலில் இதை மறக்கலாகாது.

இந்த மின்னணுச் சாதனங்கள் இன்றியும் கடலை வெல்லலாமென்று காட்டியவர் கமாண்டர் அபிலாஷ் டோமி. ஜி.பி.எஸ். கூடாதென்ற விதியுள்ள கோல்டன் குளோப் பந்தயத்தில், வானொளிகளின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியாலும் காகித வரைபடத்தாலும் தனியே உலகைச் சுற்றிவந்து, 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாமிடம் பெற்றார். 2018-இல் அதே பந்தயத்தில் புயலால் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டு மீட்கப்பட்டவர் அவர் என்பதை நினைக்கும்போது உள்ளம் நெகிழ்கிறது. அவர் வழியை எல்லோரும் பின்பற்ற வேண்டுமென்று நான் சொல்லவில்லை. 2024 அக்டோபர் முதல் 2025 மே வரை 'தாரிணி' படகில் உலகைச் சுற்றிவந்த கடற்படை அதிகாரிகளான புதுச்சேரி ரூபாவும் தோழி தில்னாவும் போல, நவீன சாதனங்களைத் துணைகொண்டு செல்வதே விவேகம்.

ஆகவே இப்பகுதியிலிருந்து கடலுக்குச் செல்லும் இளைஞர்களை நான் வேண்டிக்கொள்வது இதுவே: டேப்லட்டைத் தயங்காமல் கொண்டு செல்லுங்கள், கூடவே திசைகாட்டியும் காகித வரைபடமும் இருக்கட்டும், ஒவ்வொரு மணிக்கும் உங்கள் அட்சரேகை, தீர்க்கரேகைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதிவாருங்கள்.