கரக்பூரைச் சூழ்ந்த போர்க்கால விமானத் தளங்கள்

 

டாட்டா நகர் செல்லும் வண்டியில் ஏறி அமர்ந்தால் சர்டிகா, ஜார்கிராம், சக்குலியா என நிலையங்கள் வரிசையாக வந்து போகின்றன. இருமருங்கும் சால் மரக்காடும் செம்மண்ணுமே நம் கண்ணுக்குப் படுகின்றன. அக்காட்டினுள்ளே, உலகிலேயே மிகப்பெரிய குண்டுவீச்சு விமானங்கள் ஒரு காலத்தில் ஓடியெழுந்த சிமெண்டுப் பாதைகள் கிடக்கின்றன என்பதை நம் காலனியில் அறிந்தோர் சிலரே.

1944-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவின் பி-29 விமானங்கள் இங்கு வந்திறங்கின. முதலில் வந்தது சக்குலியாவுக்கு. பின்னர் சாலுவா, துத்குண்டி, பியர்தோபா ஆகிய தளங்களும் நிறைந்தன. நான்கு எஞ்சின்களுடன், சுமையேற்றினால் ஏறத்தாழ 60 டன் நிற்கும் அவ்விமானத்திற்குப் பழைய 6,000 அடிப் பாதை போதவில்லை. 7,500 அடியாக நீட்டினார்கள். நீட்டியவர்கள் யார்? அமெரிக்கப் பொறியியற் படையினரோடு ஆயிரக்கணக்கான நம் நாட்டுக் கூலிகள். ஆணும் பெண்ணும் கூடையில் கல் சுமந்தார்கள். 1942 அக்டோபரில் பெரும்புயலும், 1943-இல் கொடும்பஞ்சமும் கண்ட மிதினாப்பூர் மாவட்டம் இது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். பஞ்சத்திற் பிழைத்த கைகளுக்கு இக்கூலி எத்தகையதாய் இருந்திருக்கும்!

தலைமை அலுவலகம் ஹிஜ்லியில் அமைந்தது. 1931 செப்டம்பர் 16-இல் அரசியற் கைதிகள் இருவர் சுடப்பட்டு மாண்ட அதே தடுப்புச் சிறைக் கட்டிடமே அது. 1951-இல் அங்கேதான் நம் நாட்டின் முதல் ஐ.ஐ.டி. தொடங்கிற்று. சிறையாய், படைத்தலைமையாய், கல்விக்கூடமாய் ஒரே கட்டிடம் இருபதே ஆண்டுகளில் மூன்று பிறவி எடுத்தது!

இவ்விமானங்களின் முதற்போர் எங்கு நிகழ்ந்தது என்பது இரயில்வேக்காரர்களாகிய நாம் கேட்கத்தக்க செய்தி. 1944 ஜூன் 5-இல் 98 விமானங்கள் புறப்பட்டுப் பாங்காக்கின் மக்கசான் இரயில்வே பணிமனையைத் தாக்கச் சென்றன. ஐந்து விமானங்கள் அழிந்தன. ஒன்றேனும் எதிரியின் குண்டால் அன்று. எஞ்சின் சூடும் கோளாறுமே காரணம். குறியிடத்தில் விழுந்த குண்டுகளோ இருபதுக்கும் குறைவு. ஏனையவை எங்கெங்கோ விழுந்தன. மலேயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுசென்ற தமிழ்த் தொழிலாளர், சயாம்–பர்மா இரயில் பாதையோரம் மாண்டவர் போக எஞ்சியவராய், அந்நாளில் அந்நாட்டிலேயே இருந்தனர். நவம்பர் 5-இல் சிங்கப்பூர்க் கப்பல் துறையையும் இங்கிருந்து சென்றே தாக்கினார்கள். போகவர ஏறத்தாழ 4,000 மைல். அங்கும் நம்மவர் வாழ்ந்தனர். இங்கே கல் சுமந்த கூலிக்கும் அங்கே பதுங்குகுழியில் ஒடுங்கிய கூலிக்கும் ஒருவரையொருவர் தெரியாது.

ஜப்பானைத் தாக்கவேண்டின் இமயத்தைக் கடந்து சீனத்தின் செங்டு சென்று, அங்கிருந்து பறக்கவேண்டும். பெட்ரோலையும் விமானத்திலேயே சுமந்தாக வேண்டும்! இவ்வீண்செலவு தாங்காமலே 1945-இன் தொடக்கத்தில் படை முழுதும் பசிபிக் தீவுகளுக்குப் பெயர்ந்தது. ஓராண்டு வாழ்வுதான்.

இன்று சாலுவாவில் கிழக்கு எல்லைத் துப்பாக்கிப் படையினர் உள்ளனர். துத்குண்டியில் விமானப்படையின் குறிபார்க்கும் திடல். சென்ற மார்கழியில் நண்பர்களுடன் சக்குலியா சென்றிருந்தோம். பாதையின் வெடிப்புகளில் புல் முளைத்திருக்க, மாடுகள் மேய்ந்து கொண்டிருந்தன. மேய்த்த சிறுவனை என்ன இடம் என்று வினவினோம். "சாயபுகள் போட்டது" என்றான். அவன் கொள்ளுப்பாட்டனே போட்டிருக்கக்கூடும்.

அமெரிக்க வீரர்களின் பெயர்கள் ஒன்றுவிடாமல் அவர்கள் நாட்டில் எழுதப்பட்டுள்ளன. கல் சுமந்தவர்களின் பெயரைச் சொல்ல இங்கே ஒரு பலகையும் கண்டிலோம். அந்நாளில் பெங்கால் நாக்பூர் இரயில்வேயில் பணிபுரிந்த நம் முன்னோரே இத்தளங்களுக்குச் சரக்கு வண்டிகளை அனுப்பினார்கள். எவர் இல்லத்திலேனும் அக்காலத்துக் கடிதமோ, புகைப்படமோ, பாட்டனார் கூறிய செய்தியோ இருப்பின், சங்க நூலகத்தில் படியெடுத்து வைக்கத் தந்துதவுமாறு வேண்டுகிறோம். மூலத்தை மறுநாளே திருப்பித் தருவோம்.