எந்திரங்களிடையே தகவல் ஒழுங்கு: எல்லைப்புற அணைகள் தரும் பாடம்

தொழில் வளர்ச்சியைக் கணக்கிடுவோர் எந்திரங்களின் எண்ணிக்கையைக் குறிப்பிடுவது வழக்கம். அவ்வெந்திரங்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் தகவல் பிழையின்றிச் சென்றடைகிறதா என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. ஆலையில் இயங்கும் ரோபோ எனப்படும் எந்திரக் கைக்கும், மலையில் நிற்கும் அணையின் மதகுக்கும் இக்கேள்வி பொதுவானதாகும்.

தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் இதன் முக்கியத்துவம் கண்கூடு. பாலக்காட்டையடுத்த கஞ்சிக்கோடு, கட்டுப்பாட்டு வால்வுகள் தயாரிக்கும் பொதுத்துறை ஆலை அமைந்த தொழிற்பகுதி. இடுக்கி நீர்த்தேக்கத்தின் நீரைக் கொண்டு 1976 முதல் மூலமற்றம் நிலத்தடி மின்நிலையம் இயங்குகிறது. அதன் நிறுவுதிறன் 780 மெகாவாட். முல்லைப் பெரியாறு, பரம்பிக்குளம் ஆகிய அணைகள் கேரள மண்ணில் அமைந்திருப்பினும், அவற்றை இயக்குவது தமிழ்நாடு. மதகை இயக்குபவர் ஓர் அரசைச் சார்ந்தவர். மதகுக்குக் கீழே வாழ்பவர் மற்றோர் அரசின் குடிமக்கள். எனவே இங்குத் தகவல் ஒழுங்கு பொறியியல் தேவை மட்டுமன்று, ஆட்சித்துறையின் கடமையுமாகும்.

ஒழுங்கின் கூறுகள்

ஓர் எந்திரக் கை தானாக எதையும் அறிவதில்லை. பொருள் வந்துவிட்டதா, கதவு மூடியுள்ளதா என்பவற்றைத் தொலைவிலுள்ள உணர்கருவிகள் சில மில்லி விநாடிகளுக்கொரு முறை அறிவிக்கின்றன. இதற்கு முன்னேற்பாடாக நான்கு செய்திகள் வரையறுக்கப்பட வேண்டும்: ஒவ்வொரு கருவியின் முகவரி, அது அனுப்பும் தகவலின் அளவும் வரிசையும், அனுப்பும் கால இடைவெளி, தொடர்பு அறுந்தால் செய்ய வேண்டியது. அணையில் மில்லி விநாடிகள் நிமிடங்களாக மாறலாம். நான்கு செய்திகளும் மாறுவதில்லை.

வரிசை பிழைத்தால் என்ன நேரும்? 1979இல் அறிமுகமாகி இன்றும் பரவலாக வழங்கும் மோட்பஸ் என்னும் தகவல் நெறியில், ஒரு பதிவுக்கூறில் 0 முதல் 65,535 வரையிலான எண்ணே அடங்கும். 1,00,000 என்னும் எண்ணை அனுப்ப இரு கூறுகள் தேவை: ஒன்றில் 1, மற்றொன்றில் 34,464. பெறும் கருவி இவற்றை இடம் மாற்றிப் படித்தால், அந்த ஒரு லட்சம் 225 கோடிக்கும் மேற்பட்ட எண்ணாகிவிடும். இத்தகைய பெரும் பிழை உடனே கண்ணில் படும். சிறு பிழைகளே ஆபத்தானவை.

அளவையின் அடிப்புள்ளி இத்தகையது. முல்லைப் பெரியாற்றில் உச்ச நீதிமன்றம் 2014இல் உறுதிசெய்த 142 அடி, அணைக்குரிய அடிப்புள்ளியிலிருந்து எண்ணப்படுவது. இடுக்கியின் முழுக் கொள்மட்டமான 2,403 அடியோ கடல்மட்டத்திலிருந்து எண்ணப்படுவது. முன்னதில் மிகும் வெள்ளம் பெரியாற்றின் வழியே பின்னதை அடைகிறது. ஒரே ஆற்றின் இரு அளவுகளை ஒரே திரையில் காட்டுவோர், எந்த எண் எந்த அடிப்புள்ளிக்குரியது என்பதையும், அது அடியா மீட்டரா என்பதையும் தகவலோடு சேர்த்தே பதிய வேண்டும்.

சுழியமும் மௌனமும்

நீர் இல்லை என்பதும் தகவல் வரவில்லை என்பதும் வெவ்வேறு. இவ்வேறுபாட்டைக் காட்டவே ஆலைகளில் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டம் கைக்கொள்ளப்படுகிறது. 40 அடி அளக்கும் கருவியில் 4 என்பது சுழியம், 12 என்பது 20 அடி, 20 என்பது முழு அளவு. மின்னோட்டம் 4க்கு வெகுவாகக் குறைந்தால் கம்பி அறுந்தது அல்லது கருவி பழுதானது எனக் கொள்ளலாம். அவ்வாறே, ஒவ்வோர் அளவும் எடுக்கப்பட்ட நேரத்தைத் தாங்கி வர வேண்டும். ஒரு மணி நேரத்திற்கு முந்தைய நீர்மட்டத்தைத் திரை இப்போதையது போலக் காட்டுமாயின், அது மௌனத்தினும் தீயது.

தொடர்பு அறுந்தால் எந்திரக் கை நின்றுவிட வேண்டும். அருகிலுள்ள தொழிலாளியின் உயிரை அது காக்கும். அணை மதகுக்கு இவ்விதியை அப்படியே பொருத்த இயலாது. மதகு இருந்த நிலையிலேயே இருக்க, எச்சரிக்கை ஒலிக்க, பணியாளர் நேரில் பொறுப்பேற்பதே பெரும்பாலும் தக்க முறையாகும். நிற்பதும் ஒரு முடிவே என்பதால், அதை முன்கூட்டியே ஆராய்ந்து எழுதிவைத்தல் இன்றியமையாதது.

மக்களுக்கான பயன்

2018 ஆகஸ்டில் செறுதோணி அணையின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. 2022 செப்டம்பர் 21 அன்று பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் ஒன்று பெயர்ந்து, எதிர்பாராத வெள்ளம் சாலக்குடி ஆற்றை நோக்கிப் பாய்ந்தது. இத்தகைய தருணங்களில் கீழ்ப்பகுதி மக்களுக்குக் கிடைக்கும் அவகாசம், அணையிலிருந்து புறப்படும் முதற்செய்தியின் வேகத்தைப் பொறுத்தது.

வெள்ளத்தில் மட்டுமன்றி, பங்கீட்டிலும் இது பொருந்தும். பரம்பிக்குளம்–ஆழியாறு உடன்பாட்டின்படி சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவில் அளந்து தரப்பட வேண்டும். அளவில் ஐயம் எழுந்தால் உழவர் மனத்திலும் ஐயம் எழும்.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் அளவுக் கருவிகளையும் அவசரகாலச் செயல்திட்டத்தையும் வலியுறுத்துகிறது. கருவி வாங்குவதோடு கடமை முடிந்துவிடாது. ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும் இரு மாநிலப் பொறியாளர்களும் ஒன்றுகூடி, தூணில் எழுதிய நீர்மட்டத்தையும் திரையில் தோன்றும் எண்ணையும் ஒப்பிடுவதும், கம்பியைக் கழற்றி எச்சரிக்கை ஒலிக்கிறதா எனச் சோதிப்பதும் நலம். இதற்காகும் செலவு சில நாள் உழைப்பே. அதனால் காக்கப்படுவன ஆற்றங்கரை ஊர்களும், இரு மாநில மக்களிடையே நிலவ வேண்டிய நம்பிக்கையுமாகும்.