எண்ணிக்கை சரிவரும்வரை
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மருத்துவம் பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டது. நாங்கள் ஒரு தாதியர் மாநாட்டைப் பற்றிப் பேச விரும்பினோம். 'நாங்கள்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் பாடசாலையில் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள் இருவர். ஒருவர் சத்திரசிகிச்சை நிபுணர் ஆனார். மற்றவர் சத்திரசிகிச்சைக்கூடத் தாதி ஆனார். பல வருடங்களின் பின் ஒரே தியேட்டரில் மறுபடி சந்தித்தோம். கடந்த வருடம் கொழும்பில் நடந்த சத்திரசிகிச்சைக்கூடத் தாதியர் மாநாட்டுக்கும் ஒன்றாகவே போனோம். ஒருவர் பேச, மற்றவர் கேட்க.

மண்டபம் நிறையத் தாதியர். வைத்தியர்களை விரல்விட்டு எண்ணலாம். கருவிகளைத் தொற்றுநீக்குவது, மேசையில் கிடத்தும்போது நோயாளியின் தோலும் நரம்பும் நசுங்காமல் பார்ப்பது, உடல் குளிர்ந்துபோகாமல் காப்பது என்று இரண்டு நாளும் பேசினார்கள். எல்லாம் வைத்தியர்களின் கைக்கருகிலேயே தினமும் நடக்கும் வேலை. அதற்குப் பின்னால் இவ்வளவு படிப்பு இருப்பது எங்களில் ஒருவருக்கு அன்றுதான் உறைத்தது.

அதிகம் பேசப்பட்டது, உலக சுகாதார நிறுவனம் 2008 இல் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியல். ஒரே தாள், 19 விடயங்கள். மயக்க மருந்து கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், நோயாளி கூடத்தை விட்டுப் போகுமுன் என மூன்று தடவை வேலையை நிறுத்திச் சத்தமாகச் சரிபார்க்க வேண்டும். துணிகளும் ஊசிகளும் கருவிகளும் எண்ணிக்கையில் சரியா என்பதும் அதில் ஒன்று. புதுடில்லி, லண்டன் உட்பட எட்டு நகரங்களில் பரீட்சித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததென 2009 இல் அறிக்கை வந்தது. அதற்காகப் புது மருந்தோ புது இயந்திரமோ வாங்கவில்லை.

இரண்டாம் நாள் எங்களில் தாதியானவர் மேடையேறினார். ஆட்களின் பெயர் சொல்லாமல் ஓர் இரவைச் சொன்னார். நள்ளிரவு கடந்த அவசர சத்திரசிகிச்சை. வயிற்றை மூடும் நேரம், இரத்தம் ஒற்றும் துணிகளில் ஒன்று குறைகிறது.

"பிழையாக எண்ணியிருப்பீர், திரும்ப எண்ணும்" என்கிறார் வைத்தியர்.

திரும்பவும் ஒன்று குறைகிறது. வெளியே அடுத்த நோயாளி காத்திருக்கிறார். வைத்தியர் தைப்பதற்குக் கையை நீட்டுகிறார்.

"எண்ணிக்கை சரிவரும்வரை ஊசி தரமாட்டேன், டொக்டர்."

துணி, குடலுக்குப் பின்னால் இருந்தது.

மண்டபம் கைதட்டியது. அந்த வைத்தியர் கடைசி வரிசையில் இருந்தது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அன்றிரவு சொல்லாத நன்றி, திரும்பி வரும்போது ரயிலில் சொல்லப்பட்டது.

"எனக்கும் அண்டைக்குக் கை நடுங்கினதுதான்" என்று பதில் வந்தது.

எங்கள் பாடசாலை மண்டபத்தில் பெயர்ப்பலகை ஒன்று உண்டு. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தெரிவானவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. எங்கள் இருவரில் ஒருவரின் பெயர்தான் அங்கே உள்ளது. குறை சொல்ல வரவில்லை. அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாங்களும். ஆனால் அன்றிரவு அந்த நோயாளியைக் காப்பாற்றியது பலகையில் இல்லாத பெயர்.

இந்த நூற்றாண்டில் சங்கத்திடம் இரண்டு விடயங்களைக் கேட்கிறோம். தாதியர் கல்லூரிக்குப் போன எங்கள் பிள்ளைகளின் பெயர்களையும் எழுதுங்கள். பெரியவர்கள் சொன்னால் பேசாமல் இருக்கப் பழகிய எங்கள் மாணவிகளுக்கு, "பொறுங்கோ, இது சரியில்லை" என்று மரியாதையோடு சொல்லவும் பழக்குங்கள். கை நடுங்கினாலும் சொல்லலாம் என்பதை எங்களில் ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். அதைக் கேட்டு நிற்க மற்றவர் இப்போதுதான் பழகுகிறார்.